குடியிருப்போர் ஒன்றுபட்டாலன்றிக் கூரை நிலைக்காது

(கொழும்பில் வாடகைக் குடியிருப்பாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வாடகை வீட்டில் வாழ்வோர் ஒன்றுகூடித் தம் குறைகளைப் பேசும் கூட்டம் இம்மாநகரில் அடிக்கடி நடைபெறுவதில்லை. தேர்தற் கூட்டமென்றால் திரளும் நம்மவர், கோயில் திருவிழாவென்றால் தேர்வடம் பிடிக்கும் நம்மவர், தம் தலைக்கு மேலுள்ள கூரையைப் பற்றிப் பேச மட்டும் தயங்குகின்றனர். "வீட்டுக்காரர் காதில் விழுந்தால் என்ன ஆகும்?" என்ற அச்சமே அதற்குக் காரணம். அந்த அச்சத்தைப் பற்றியும் அதனைப் போக்கும் வழியைப் பற்றியுமே இன்று சில கூற விரும்புகின்றோம்.

கொழும்பில் வாடகைக்கு இருக்கும் தமிழர் ஒரே வகையினர் அல்லர். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தொடர்மாடிகளில் வாழும் உத்தியோகத்தரும் வாடகைக்காரரே. கொட்டாஞ்சேனையிலும் ஜிந்துப்பிட்டியிலும் ஓர் அறைக்குள் சமைத்து, உண்டு, உறங்கும் தொழிலாளரும் வாடகைக்காரரே. மலைநாட்டிலிருந்து கடைச் சிப்பந்தியாக வந்து, நால்வரோடு ஓர் அறையைப் பகிர்ந்திருக்கும் இளைஞனும் வாடகைக்காரனே. வடக்கிலும் கிழக்கிலும் கமம் செய்யும் அன்பர்கள், "இது கொழும்பார் பிரச்சினை, நமக்கென்ன?" என்று எண்ணுதல் கூடாது. படிப்புக்கோ தொழிலுக்கோ பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பிய கமக்காரரைக் கேட்டுப் பாருங்கள். கிளிநொச்சியில் நெல் விற்ற பணமும் வலிகாமத்தில் வெங்காயம் விற்ற பணமும் வெள்ளவத்தையில் அறை முற்பணமாக மாறும் கதையை அவர் சொல்வார். அங்கே ஒரு போகம் பொய்த்தால் இங்கே ஒரு பிள்ளை அறையை விட்டுப் போக நேரிடுகின்றது.

இவர்கள் அனைவருக்கும் பொதுவான குறைகள் சில உள. கொடுத்த வாடகைக்குப் பற்றுச்சீட்டு இல்லை. எழுத்தில் உடன்படிக்கை இல்லை. முற்பணம் திரும்பி வருமென்ற உறுதி இல்லை. கூரை ஒழுகினால், மலசலகூடம் அடைத்தால், மாடிப்படியில் மின்கம்பி தொங்கினால், யாரிடம் முறையிடுவது என்று தெரியவில்லை. முறையிட்டால், "விருப்பமில்லையென்றால் வேறிடம் பார்த்துக்கொள்ளலாம்" என்பதே மறுமொழி.

தமிழருக்கு இவற்றோடு வேறு ஒரு பாரமும் சேர்ந்துள்ளது. 1958 இலும் 1977 இலும் 1983 இலும் நடந்த வன்செயல்களின்போது இந்நகரில் வாடகை வீட்டில் இருந்த தமிழர் பலர் பொருளை இழந்தனர். திரும்பி வந்தபோது வீட்டையும் இழந்து நின்றனர். யுத்த காலத்தில் பொலிஸ் பதிவுக்கும் வீட்டுக்காரரின் தயவு வேண்டியிருந்தது. தயவில் வாழ்பவன் வாடகை உயர்ந்தால் வாய் திறப்பானா? யுத்தம் 2009 இல் முடிந்தது. வாய் திறவாத வழக்கம் மட்டும் முடியவில்லை.

"சட்டம் இல்லையா?" என்று கேட்பீர்கள். சட்டம் இருந்தது, அதன் கதையைச் சுருக்கமாகச் சொல்வோம். வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் இந்நாட்டில் யுத்த காலமாகிய 1942 இல் வந்தது. 1948 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டம் அதனிடத்தைப் பெற்றது. பின்னர் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம் வந்தது. அச்சட்டத்துக்கு உட்பட்ட வீட்டுக்கு விதிக்கப்பட்ட அளவுக்கு மேல் வாடகை வாங்குதல் குற்றமாயிற்று. வாடகைப் பாக்கி, சொந்தக்காரரின் நியாயமான தேவை முதலிய குறித்த காரணங்களாலன்றிக் குடியை எழுப்ப முடியாதென்று விதிக்கப்பட்டது. சொந்தக்காரர் வாடகையை வாங்க மறுத்தால், உள்ளூராட்சி மன்றத்தில் அதற்கென அதிகாரம் பெற்றவரிடம் அதனைச் செலுத்தவும் வழி வைக்கப்பட்டது. 1973 இல், பீற்றர் கெனமன் வீடமைப்பு அமைச்சராக இருந்த காலத்தில், ஒருவர் எத்தனை வீடுகளை வைத்திருக்கலாம் என்பதற்கே உச்சவரம்பு விதிக்கப்பட்டது.

அதன் பின் காற்றுத் திசை மாறிற்று. 1980 ஆம் ஆண்டின் 55 ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்தின் பின்னர் வாடகைக்கு விடப்பட்ட வீடுகள் பல அப்பாதுகாப்புக்குப் புறம்பாயின. 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டமோ, எழுத்து மூலம் குத்தகைக்கு விட்ட இடத்தைச் சொந்தக்காரர் விரைந்து மீட்க வழிசெய்தது. காக்கும் கை சுருங்கிற்று. வெளியேற்றும் கை நீண்டது. இம்மாற்றங்கள் நள்ளிரவில் களவாக நடந்தவை அல்ல. பாராளுமன்றத்தில், பட்டப்பகலில் நடந்தவை. சொந்தக்காரரின் குரல் அங்கே கேட்டது. வாடகைக்காரரின் குரல் ஏன் அவ்வாறு கேட்கவில்லை? வாடகைக்காரருக்கு ஒரு குரல் இல்லை. ஆயிரமாயிரம் தனித்தனி முனகல்களே இருந்தன.

இங்கு நாம் நியாயமாகவும் பேச வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் எல்லாரும் கொடியவர் அல்லர். ஒரேயொரு வீட்டை வாடகைக்கு விட்டு அதனால் உயிர் வாழும் விதவைத் தாயும் சொந்தக்காரியே. பழைய சட்டத்தின் கீழ்ச் சில ரூபாவே வாடகையாகக் கிடைத்ததால் வீட்டைத் திருத்த இயலாமற் போனவர்களும், தம் சொந்த வீட்டுக்குத் திரும்ப நீதிமன்றில் ஆண்டுக்கணக்காகக் காத்திருந்தவர்களும் உண்டு. மேலும், இவ்வேட்டைப் படிக்கும் கற்றோருள் பலர் ஒரு கையால் வாடகை கொடுத்து, மறு கையால் வாடகை வாங்குபவர்கள். தமிழர் வீட்டில் தமிழர் வாடகைக்கு இருந்து, பற்றுச்சீட்டின்றி, முற்பணம் திரும்பாது, தெருவில் நிற்கும் வழக்குகள் நம்மிடம் வருகின்றன. இன உரிமைக்கு மேடையில் முழங்குபவர் தம் வீட்டுக் குடிக்கு ஒரு துண்டுச் சீட்டில் கையொப்பமிட மறுத்தால், அம்முழக்கத்துக்கு என்ன பெறுமதி? ஆகவே நாம் கோருவது சொந்தக்காரரோடு பகை அன்று. எழுதப்பட்ட, இரு சாராரையும் கட்டுப்படுத்தும் ஓர் ஒழுங்கு.

அத்தகைய ஒழுங்கை வாடகைக்காரர் தாமாகவே பெற முடியுமா? முடியும் என்பதற்குச் சரித்திரம் உண்டு. நூறு ஆண்டுகளுக்கு முன் ஸ்கொத்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் நடந்ததைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

1915 ஆம் ஆண்டு. முதலாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. கிளாஸ்கோவின் கப்பல் கட்டும் தளங்களுக்கும் ஆயுதத் தொழிற்சாலைகளுக்கும் தொழிலாளர் பல்லாயிரவராய் வந்து குவிந்தனர். வீடுகளோ பெருகவில்லை. ஆடவர் பலர் போர்முனையில் இருக்க, அவர்தம் மனைவியரும் மக்களும் வாழ்ந்த வீடுகளுக்கு வாடகை உயர்த்தப்பட்டது. கொடுக்க இயலாதவரை வெளியேற்றக் கட்டளை பிறந்தது. கோவன் என்னும் பகுதியில் வாழ்ந்த மேரி பார்பர் என்னும் தொழிலாளர் வீட்டுப் பெண்மணி அயலாரைத் திரட்டினார். 1914 இல் தோன்றிய கிளாஸ்கோ மகளிர் வீடமைப்புச் சங்கம் இப்போராட்டத்துக்குத் துணை நின்றது.

அவர்கள் செய்தது என்ன? உயர்த்திய வாடகையைத் தர மறுத்தனர். பழைய வாடகையை அன்று. இதனை நன்கு மனங்கொள்ளுங்கள். "நாம் கடன்காரர் அல்லர், நியாயமானதைத் தருவோம், அநியாயமானதைத் தரோம்" என்பதே அவர்தம் நிலை. சாளரந்தோறும், "நாம் வெளியேறோம்" என்ற அட்டைகளை வைத்தனர். மாடிக் கட்டடத்தின் வாயிலில் ஒரு பெண் கையில் மணியோடு காவலிருப்பாள். வெளியேற்றும் உத்தியோகத்தர் தலை தெரிந்ததும் மணி ஒலிக்கும். அடுப்படியில் நின்றவள் மாக்கையோடும், துணி துவைத்தவள் ஈரத் துணியோடும் படிக்கட்டுக்கு ஓடி வருவர். உத்தியோகத்தர் உள்ளே நுழைய வழியிராது. மா முழுக்கோடு திரும்பிப் போவார். ஆண்டின் இறுதிக்குள் இருபதினாயிரம் வரையான குடும்பங்கள் இம்மறுப்பில் சேர்ந்துவிட்டன.

1915 நவம்பர் 17 ஆம் நாள் 18 வாடகைக்காரர் நீதிமன்றுக்கு அழைக்கப்பட்டனர். அன்று பெண்களும் ஆலைத் தொழிலாளரும் ஆயிரக்கணக்கில் நீதிமன்றை நோக்கி ஊர்வலமாகச் சென்றனர். நீதிபதி, அக்காலத்தில் ஆயுத உற்பத்தி அமைச்சராக இருந்த லொயிட் ஜோர்ஜுடன் தொடர்பு கொண்டார். வழக்குகள் கைவிடப்பட்டன. டிசம்பர் மாதம் முடியுமுன் பாராளுமன்றம் சட்டம் இயற்றி, சிறு வீடுகளின் வாடகையை யுத்தம் தொடங்கிய காலத்து அளவிலே நிறுத்தியது. யுத்தம் முடிந்து ஆறு மாதம் வரைக்கே என்று வந்த அக்கட்டுப்பாடு, உருமாறி உருமாறிப் பல பதிற்றாண்டுகள் பிரித்தானியாவில் நிலைத்தது. நம் நீதிமன்றங்களும் வாடகைச் சட்டங்களுக்குப் பொருள் காணும்போது அந்நாட்டுத் தீர்ப்புகளை எடுத்தாண்டுள்ளன. மேரி பார்பர் 1920 இல் கிளாஸ்கோ நகர சபைக்குத் தெரிவானார்.

சட்டம் படித்த நாம் இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. சட்டம் முதலில் வந்து மக்களை ஒன்றுசேர்க்கவில்லை. மக்கள் முதலில் ஒன்றுசேர்ந்தனர். சட்டம் அவர்களைத் தேடி வந்தது. அந்தப் பதினெட்டுப் பேரும் தனித்தனியே நின்றிருந்தால், பதினெட்டுத் தீர்ப்புகளும் அவர்களுக்கு எதிராகவே எழுதப்பட்டிருக்கும். அன்றைய சட்டம் அவர்கள் பக்கம் இருக்கவில்லை.

கமக்கார அன்பர்களுக்கு இது புதிய செய்தியன்று. 1958 இல் பிலிப் குணவர்த்தனா கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், குத்தகைக்கு வயல் செய்பவனுக்கு நிலைபேற்றையும், அவன் கொடுக்க வேண்டிய பங்குக்கு ஓர் எல்லையையும் தந்தது. ஆயினும் சட்டம் வந்த பின்னரும் ஆயிரக்கணக்கானோர் வயலிலிருந்து எழுப்பப்பட்டனர். ஏட்டிலே உரிமை இருந்தது. வரப்பிலே தனியாக நின்றவனுக்கு அது எட்டவில்லை. வயலுக்குப் பொருந்திய இவ்வுண்மை வாடகை வீட்டுக்கும் பொருந்தும்.

"கொழும்பிலே தமிழர் எழுந்து நின்றால் யார் கேட்பார்?" என்று சிலர் கேட்கலாம். 2007 ஆம் ஆண்டை நினைவூட்டுகின்றோம். அவ்வாண்டு யூன் 7 ஆம் நாள் இந்நகரின் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் பொலிசாரால் பஸ் வண்டிகளில் ஏற்றப்பட்டு, வவுனியாவுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பப்பட்டனர். அவர்கள் வாடகை கொடுத்தே தங்கியிருந்தனர். கொடுத்த வாடகை அவர்களைக் காக்கவில்லை. ஆனால் மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உடனே உயர் நீதிமன்றை நாடிற்று. மறுநாளே, யூன் 8 ஆம் நாள், அவ்வெளியேற்றத்தை நிறுத்தும் இடைக்காலக் கட்டளை பிறந்தது. பஸ்ஸில் ஏற்றப்பட்டவர் எவரும் அந்த ஒரு நாளுக்குள் தனியே மனுச் செய்திருக்க முடியாது. ஆயத்தமாக ஓர் அமைப்பு இருந்ததால் அது முடிந்தது. ஆபத்து வந்த பின் சங்கம் கட்டுவதற்கு நேரமிராது.

அடுத்து, பாதுகாப்பைப் பற்றிக் கூறுவோம். வாடகை குறைவாக இருந்தால் மட்டும் போதாது. வீடு உயிருக்கு உலைவைக்காததாகவும் இருக்க வேண்டும். 2017 ஆம் ஆண்டு இதற்கு இரண்டு கொடிய சான்றுகளைத் தந்தது. அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டு நாளாகிய ஏப்ரில் 14 இல், கொழும்பின் எல்லையிலுள்ள மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து, அருகிருந்த வீடுகளை மூடியது. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அங்கு வாழ்ந்தோர் அக்குப்பை மேட்டுக்கு எதிராகப் பல ஆண்டுகள் குரலெழுப்பியவர்கள். இரண்டு மாதங்களின் பின், யூன் 14 இல், லண்டன் நகரில் கிரென்பெல் கோபுரம் என்னும் 24 மாடிக் குடியிருப்புத் தீப்பற்றி 72 பேர் உயிரிழந்தனர். சுவரின் வெளிப்புறத்தில் ஒட்டப்பட்ட எரியக்கூடிய தகடுகள் தீயை மேலே கொண்டு சென்றன. அங்கும் குடியிருப்போர் குழுவொன்று தீ அபாயத்தைப் பற்றி முன்னரே எச்சரித்திருந்தது.

ஈரிடத்திலும் மக்கள் பேசினர். கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. "ஒன்றுபட்டும் பயனில்லையே" என்று இதனால் முடிவு கட்டலாமா? கூடாது. பேசும் உரிமை மட்டும் போதாது. பேசினால் கேட்டே தீரவேண்டும் என்ற கடமை மறுசாரார் மீது சட்டத்தால் விதிக்கப்பட வேண்டும் என்பதே இதன் பாடம். சங்கமும் சட்டமும் ஒரு வண்டியின் இரு சில்லுகள். சங்கமில்லாத சட்டம் அலுமாரியில் உறங்கும். சட்டமில்லாத சங்கம் கத்திக் களைக்கும்.

கொழும்புக்கு இது நாளைய பிரச்சினை அன்று, இன்றைய பிரச்சினை. 2010 முதல் நகரப் புனரமைப்பு என்ற பெயரால், தோட்டங்களிலும் குடிசைகளிலும் வாழ்ந்த சுமார் 70,000 குடும்பங்களை மாடிக் கட்டடங்களுக்கு மாற்றும் திட்டம் வகுக்கப்பட்டது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து வாழ்ந்த தோட்டங்கள் அவை. நிலத்தோடு ஒட்டி வாழ்ந்த குடும்பங்கள் பல மாடி உயரத்தில், நானூறு சதுர அடி வீட்டில் குடியேறின. அங்கே மின்தூக்கி நின்றால் கர்ப்பிணிப் பெண் எப்படி ஏறுவாள்? தீப்பிடித்தால் முதியவர் எவ்வழி இறங்குவார்? நீர்க்குழாய் வெடித்தால் யார் திருத்துவார்? இவை தனி வீட்டுக் குறைகள் அல்ல; கட்டடம் முழுவதற்கும் உரிய குறைகள். தனி ஒருவர் மனு எழுதித் தீரக்கூடியவை அல்ல.

ஆகவே அன்பர்களே, நாம் செய்ய வேண்டியவற்றை வகைப்படுத்திக் கூறுவோம்.

முதலாவது, தெருவுக்கு ஒரு சங்கம், மாடிக் கட்டடத்துக்கு ஒரு சங்கம் அமைய வேண்டும். அதில் இன, மத, சாதி வேற்றுமை இருத்தல் ஆகாது. ஒழுகும் கூரை தமிழர் தலையில் ஒருவிதமாகவும் சிங்களவர் தலையில் வேறுவிதமாகவும் ஒழுகுவதில்லை. சங்கக் கூட்டக் குறிப்பு தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட வேண்டும். பெண்கள் பார்வையாளராக அன்றி, பதவி வகிப்போராக இருத்தல் வேண்டும். வீட்டின் குறையை நாள் முழுதும் அறிபவர் அவர்களே.

இரண்டாவது, பற்றுச்சீட்டின்றி ஒரு சதமும் கொடுப்பதில்லை என்று உறுதி பூண வேண்டும். ஒருவர் கேட்டால் சொந்தக்காரர் சினப்பார். நாற்பது பேர் ஒரே மாதத்தில் கேட்டால், பற்றுச்சீட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி வருவார். நீதிமன்றில் கண்ணீரை விடப் பற்றுச்சீட்டு வலியது.

மூன்றாவது, ஒவ்வொரு கட்டடத்தையும் சங்கத்தார் ஒன்றாய்ச் சென்று பார்வையிட்டு, மின்கம்பி, படிக்கட்டு, வடிகால், தீயணைக்கும் வசதி ஆகியவற்றின் குறைகளை எழுதி, நாளிட்டு, சொந்தக்காரருக்கும் மாநகர சபைக்கும் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். பிரதி சங்கத்தில் இருக்க வேண்டும்.

நான்காவது, சிறு நிதியொன்று சேர்க்க வேண்டும். வழக்கு வந்தபின் கடன் தேடி அலைபவன் பாதி தோற்றவன். சட்டத்தரணிகளாகிய நாம் நம் கடமையைச் செய்ய வேண்டும். வாரத்தில் ஒரு மாலை, கட்டணமின்றி, இச்சங்கங்களுக்கு ஆலோசனை வழங்க நம்முள் பலர் முன்வர வேண்டும்.

ஐந்தாவது, முதலிற் பேச்சு, பின் மனு, அதன் பின்னரே வழக்கும் அறப்போரும். கொடுக்க வேண்டிய வாடகையை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. பாக்கி வைத்த குடி எதிராளியின் கையில் ஆயுதத்தைத் தாமே கொடுக்கின்றார்.

இவற்றோடு பாராளுமன்றத்திடம் நாம் கோருவன தெளிவானவை. எழுத்து மூல உடன்படிக்கை கட்டாயமாதல் வேண்டும். வாடகை உயர்வுக்கு ஆண்டுதோறும் ஓர் எல்லை வேண்டும். முற்பணத்தைத் திருப்பித் தரத் தவணை வேண்டும். தக்க காலம் கொடாமல் எவரையும் எழுப்பக் கூடாது. பல குடும்பம் வாழும் கட்டடங்களுக்குக் காலந்தோறும் பாதுகாப்புச் சோதனை வேண்டும். குடியிருப்போர் சங்கத்தின் முறைப்பாட்டுக்குக் குறித்த நாட்களுள் எழுத்தில் மறுமொழி தருதல் சட்டக் கடமையாக வேண்டும். சொந்தக்காரருக்கும் வழக்கு விரைந்து முடிய வேண்டும்; நியாயமான வருவாய் கிடைக்க வேண்டும். இதில் ஒருவரை அழிக்கும் கோரிக்கை எதுவும் இல்லை.

இக்கோரிக்கைகளை எந்தக் கட்சியும் தட்டில் வைத்துத் தரப்போவதில்லை. வாக்குக் கேட்டு வருவோரிடம் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது. தனியொருவர் கேட்டால் அவர் புன்னகைத்துப் போய்விடுவார். ஒரு தெரு முழுவதும் கேட்டால் குறிப்புப் புத்தகத்தை எடுப்பார்.

இம்மண்டபத்தை விட்டுச் செல்லுமுன் ஒரு வேண்டுகோள். வாயிலில் பெயர்ப் பதிவேடு ஒன்று வைக்கப்பட்டிருக்கின்றது. அதில் பெயரையும் தெருவையும் எழுதிச் செல்லுங்கள். "முதலில் பிறர் எழுதட்டும்" என்று ஒதுங்க வேண்டாம். அவ்வாறு ஒவ்வொருவரும் ஒதுங்கியதாலேயே இத்தனை காலம் இப்பதிவேடு வெறுமையாக இருந்தது. கமக்கார அன்பர்கள் கொழும்பிலிருக்கும் தம் பிள்ளைகளுக்கும் உறவினருக்கும் இன்றே கடிதம் எழுதி, அவரவர் தெருச் சங்கத்தில் சேரச் சொல்லுங்கள். அடுத்த மாதம் நாம் கூடும்போது, ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஒரு செயலாளரும் ஒரு குறைப் பட்டியலும் வந்திருக்க வேண்டும். அன்று முதல் நம் வேலை தொடங்கும்.